பட்டாவில் இல்லாத பாட்டன்

2025 நவம்பரில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியதும், தமிழ்நாட்டில் பல லட்சம் பேர் வாழ்க்கையில் முதல்முறையாகப் பழைய ஆவணம் ஒன்றில் தங்கள் பெற்றோரைத் தேடினார்கள். 2002, 2005 ஆண்டுகளின் பட்டியலில் தங்கள் பெயரோ, அப்பா அம்மா பெயரோ எந்தப் பாகத்தில், எந்த வரிசை எண்ணில் இருக்கிறது என்று பார்த்து எழுத வேண்டியிருந்தது. தருமபுரி மாவட்டத்தில் இதில் கூடுதலாக ஒரு சிக்கல். அன்றிருந்த மொரப்பூர் தொகுதி 2008 மறுசீரமைப்பில் மறைந்துவிட்டது. பாப்பிரெட்டிப்பட்டி என்று புதுத் தொகுதி வந்துவிட்டது. எந்த ஊர் எந்தத் தொகுதிக்குப் போனது என்று தெரிந்தால்தான் அப்பாவைக் கண்டுபிடிக்க முடியும். இத்தனைக்கும் இடைவெளி இருபது ஆண்டுதான்.

இருபது ஆண்டுக்கே இந்தப் பாடு என்றால் இருநூறு ஆண்டுக்கு? அரச வம்சமோ ஜமீனோ இல்லாத சாதாரண தருமபுரிக் குடும்பம் ஒன்று தன் பாட்டனையும் பூட்டனையும் காகிதத்தில் பிடிக்க முடியுமா? ஓரளவு முடியும். ஆனால் காகிதம் எல்லோரையும் ஒரே மாதிரி நினைவில் வைத்திருக்கவில்லை. இந்த மாவட்டத்தின் ஆவணங்களில் இரண்டு வகை மனிதர்கள் தெளிவாகத் தெரிகிறார்கள்: வரி கட்டியவர்கள், ஊரைவிட்டுப் போனவர்கள். கட்டுவதற்கு நிலமும் இல்லாமல், ஊரைவிட்டும் போகாமல், இங்கேயே உழைத்து இங்கேயே செத்தவர்களைக் காண்பதுதான் அரிது. பெண்களையும் சேர்த்துக்கொண்டால் பெரும்பான்மை அவர்கள்தான்.

வரி கட்டியவரின் கதை 1792 மார்ச்சில் தொடங்குகிறது. ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையில் திப்பு சுல்தான் கும்பினிக்கு விட்டுக்கொடுத்த பகுதிகளில் பாரமகாலும் சேலமும் இருந்தன. இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பெரும்பகுதி பாரமகாலுக்குள் அடங்கும். கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் இதை ஆள சிவில் அதிகாரிகளை அனுப்பவில்லை. ஊர்மொழி தெரிந்த சிவில் அதிகாரிகள் அன்று சென்னையில் அத்தனை அபூர்வம். கேப்டன் அலெக்சாண்டர் ரீட் என்ற ராணுவக்காரரை மேற்பார்வையாளராக நியமித்து, அவருக்குக் கீழே மூன்று ராணுவ உதவியாளர்களைக் கொடுத்தார்: தாமஸ் மன்றோ, வில்லியம் மக்ளியாட், ஜேம்ஸ் கிரஹாம். பிற்பாடு சென்னை மாகாண கவர்னராகி, இன்றும் தீவுத்திடல் அருகே சேணமில்லாக் குதிரையில் சிலையாக அமர்ந்திருக்கும் அந்த மன்றோ, முப்பத்தொரு வயதில் வந்து தங்கியது தருமபுரியில். 1799 வரை அவருடைய வேலை இங்கேதான்.

இவர்கள் செய்த வேலை குடும்ப வரலாறு தேடுபவருக்கு ஏன் முக்கியம் என்றால், நிலத்தைத் துண்டுதுண்டாக அளந்து, ஒவ்வொரு துண்டையும் உழுபவர் யார் என்று கேட்டு எழுதியவர்கள் இவர்கள். ஊருக்கு மொத்தமாக ஒரு தொகை என்று குத்தகை பேசி, அதை மணியக்காரரோ குத்தகைதாரரோ தண்டிக்கொள்வதுதான் அதுவரை வசதியான வழக்கம். ரீட் 1796இல் வெளியிட்ட அறிவிப்போடு, அரசுக்கும் தனித்தனி ரயத்துக்கும் நேரடி உறவு என்ற ஏற்பாடு உருப்பெற்றது. பிறகு மன்றோ பெயரோடு ஒட்டிக்கொண்ட ரயத்துவாரி முறைக்கு நாற்றங்கால் இந்த மண்தான். சர்க்காருக்கு இனி ஊர்ப்பெயர் மட்டும் போதாது; ஆள்பெயரும் வேண்டும். வரி பாக்கி வைத்தால் யாரைக் கேட்பது?

ரீட் காலத்து அறிக்கைகளும் கடிதங்களும் ‘பாரமகால் ரெக்கார்ட்ஸ்’ என்ற பெயரில் 1907 முதல் பகுதி பகுதியாகச் சென்னை அரசு அச்சகத்தில் அச்சாயின. மூலங்கள் எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தின் சிவப்புக் கட்டடத்தில். 1907இல் வந்த மூன்றாம் பகுதி குடிமக்களைப் பற்றியது. தன் கொள்ளுத் தாத்தாவின் தாத்தா பெயரை எதிர்பார்த்து இதைத் திறப்பவருக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும். சாதிகள், உட்பிரிவுகள், தொழில், கல்யாண வழக்கம், சாவு வழக்கம் என்று விரிவாக இருக்கிறது. தனி ஆளின் பெயர் இல்லை. ஆனால் ஒருவர் தன் குடும்பத்தைப் பற்றிக் கேள்விப்பட்டதைச் சரிபார்க்க இதைவிடப் பழைய சாட்சி இந்த வட்டாரத்தில் அச்சில் இல்லை. ‘நாங்கள் மைசூர்ப் பக்கமிருந்து வந்தவர்கள்’ என்று தருமபுரியில் பல குடும்பங்கள் சொல்லும். கன்னடமும் தெலுங்கும் வீட்டுமொழியாக இருந்த பிரிவுகள் 1790களில் இங்கே எப்படி இருந்தன என்று பார்க்கவாவது இந்தப் பகுதியைப் புரட்ட வேண்டும்.

ரீட் விதைத்தது நேராக வளர்ந்திருந்தால் இன்று ஒரு ஊரின் ரயத்துகளை 1790களிலிருந்து தொடர்ச்சியாக வரிசைப்படுத்தியிருக்கலாம். நடந்தது வேறு. வங்காளத்தில் செய்தது போல இங்கேயும் நிரந்தரத் தீர்வை வேண்டும் என்று கல்கத்தா வற்புறுத்த, 1802க்குப் பிறகான சில ஆண்டுகளில் சேலம் ஜில்லாவின் பெரும்பகுதி மிட்டாக்களாக வெட்டப்பட்டு ஏலத்துக்கு வந்தது. ஏலம் எடுத்தவர் மிட்டாதார். அவர் ஊருக்கான தொகையைச் சர்க்காருக்குக் கட்டிவிட்டால் போதும். உழுபவன் பெயர் சர்க்கார் ஏட்டுக்கு வர வேண்டியதில்லை. பல மிட்டாக்கள் தொகை கட்ட முடியாமல் மறுபடி சர்க்கார் கைக்கு வந்தன. மற்றவை 1948ஆம் ஆண்டின் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வரை நீடித்தன. தருமபுரிப் பக்கம் மிட்டாரெட்டிஅள்ளி போன்ற ஊர்ப்பெயர்களில் அந்தக் காலம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஆகவே இங்கே தேடத் தொடங்குபவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘எங்கள் ஊர் அயனா, மிட்டாவா?’ என்பதுதான். சர்க்காரே நேரடியாக வரி வாங்கிய அயன் கிராமமென்றால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் சர்வே, செட்டில்மெண்ட் பதிவேடுகளில் பட்டாதாரர் பெயர் இருக்க வாய்ப்புண்டு. கடைசிவரை மிட்டாவாக இருந்த ஊரென்றால் சர்க்கார் ஏட்டில் குடியானவன் பெயர் ஏறுவது பெரும்பாலும் 1950களில்தான். பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள் இருவர். ஒருவருக்கு ஐந்து தலைமுறை எளிதாகக் கிடைக்கிறது, மற்றவருக்குத் தாத்தாவோடு நின்றுபோகிறது. குடும்பத்தின் பெருமைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

இதற்குப் பிந்திய காலத்துக்கான வழி, நிலத்தகராறில் அலைந்த யாருக்கும் பழக்கமானது. இன்றைய பட்டாவிலிருந்து ‘அ’ பதிவேடு. அதிலிருந்து 1979இல் தொடங்கி 1987இல் முடிந்த, நிலப்பதிவுகளைப் புதுப்பித்த யு.டி.ஆர். பதிவு, அதிலிருந்து பழைய சர்வே எண், அந்த எண்ணை வைத்து எஸ்.எல்.ஆர். என்ற செட்டில்மெண்ட் நிலப் பதிவேட்டின் நகல். வக்கீல் குமாஸ்தாக்களுக்கு இது தலைகீழ்ப் பாடம். வம்சம் தேடுபவர்கள்தான் இதை வம்சாவளிப் புத்தகமாகப் பார்க்கத் தவறுகிறார்கள். யு.டி.ஆரில் பெயர்கள் மாறிப்போனதற்கும் அப்பா பெயர் விடுபட்டதற்கும் வழக்கு நடத்தாத ஊர் தமிழ்நாட்டில் இல்லை என்பதால், அந்தப் படியில் மட்டும் காலைப் பார்த்து வைக்க வேண்டும்.

பத்திரங்கள் இன்னும் வளமானவை. இந்த மாகாணத்தில் பத்திரப்பதிவு முறையாகத் தொடங்கியது 1865இல். வில்லங்கம் இணையத்தில் சாதாரணமாக 1975 முதல்தான் கிடைக்கும். அதற்கு முந்தியதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டுக் கையால் தேட வைக்க வேண்டும். பழைய கிரயப் பத்திரம் ஒருவரை அவருடைய தகப்பன் பெயர், ஊர், சாதி, தொழிலோடு அறிமுகப்படுத்துகிறது. செக்குபந்தி சொல்லும் இடத்தில் நான்கு திசையிலும் யார் நிலம் என்று வருகிறது. பெரும்பாலும் அந்த நால்வரில் இருவர் பங்காளிகள். பாகப்பிரிவினைப் பத்திரம் கிடைத்துவிட்டால் ஒரு முழுத் தலைமுறையே வரிசையாக வந்து நிற்கும்: மூத்த தாரத்து மகன்கள், இளைய தாரத்து மகன்கள், கிணற்றில் யாருக்கு எத்தனை முறை, புளியமரத்தில் யாருக்கு எந்தக் கிளை. சண்டை போட்டுப் பிரிந்த குடும்பத்தின் வரலாறு நன்றாகப் பதிவாகியிருக்கிறது. ஒற்றுமையாக இருந்த குடும்பம் வரலாற்றாசிரியருக்கு எதையும் விட்டுவைப்பதில்லை.

மகள்கள் எங்கே? 1989க்கு முந்திய பாகப்பத்திரங்களில் பெரும்பாலும் கண்ணில் படமாட்டார்கள். அந்த ஆண்டு தமிழ்நாடு அரசு இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, அதுவரை கல்யாணமாகாத மகள்களுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் பங்கு கொடுத்தது. 2005இல் மத்தியச் சட்டமும் மாறியது. அதன் பிறகு சார்பதிவாளர் அலுவலகங்களில் விடுதலைப் பத்திரங்கள் குவிந்தன. அக்காவும் தங்கையும் கணவர் பெயர், ஊர், வயது சகிதம் வந்து, அண்ணன் தம்பிக்குப் பங்கை விட்டுக்கொடுத்துக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தார்கள். பல குடும்பங்களில் பெண்ணின் பெயர் சொத்து ஆவணத்தில் முதல்முறையாக ஏறியதே, அவள் தன் பங்கை வேண்டாம் என்று சொன்ன நாளில்தான்.

பெயர் விஷயத்தில் வேறொரு பொறி இருக்கிறது. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது இங்கே வழக்கம். மாதையன் மகன் சின்னசாமி, சின்னசாமி மகன் மாதையன், மாதையன் மகன் சின்னசாமி என்று ஒரே இரண்டு பெயர்கள் நூற்றைம்பது ஆண்டு மாறிமாறி வரும். குடும்பப்பெயர் என்ற ஒன்றும் கிடையாது. 1890இன் சின்னசாமியையும் 1950இன் சின்னசாமியையும் பிரித்தறிய நிலத்தின் சர்வே எண்தான் துணை. பட்டப்பெயரை நம்பினால் இன்னும் ஆபத்து. தருமபுரியில் ‘கவுண்டர்’ என்று போட்டுக்கொண்டவர்கள் வன்னியராக இருக்கலாம், வெள்ளாளராக இருக்கலாம், குரும்பராக இருக்கலாம், சித்தேரி மலையின் மலையாளியாகவும் இருக்கலாம்.

ஊர்ப்பெயரும் அதே மாதிரி. பத்திரத்தில் வருவது வருவாய்க் கிராமம். குடும்பத்தின் வாயில் வருவது கொட்டாய். வயலில் குடிசை போட்டு முதலில் குடியேறியவர் பெயரையே சேர்த்து ‘இன்னார் கொட்டாய்’ என்று வழங்கும் குக்கிராமங்கள் இந்த மாவட்டம் முழுவதும் இருக்கின்றன. எந்த ஏட்டிலும் இல்லாத ஒரு பாட்டன், பேருந்து நிறுத்தத்தின் பெயராக மிஞ்சியிருப்பது தருமபுரியில் சாதாரணம். எல்லைகள் மாறியதையும் நினைவில் வைக்க வேண்டும். தருமபுரி தனி மாவட்டமானது 1965 அக்டோபர் 2இல்; கிருஷ்ணகிரி பிரிந்தது 2004இல். 1901இல் சேலம் ஜில்லாவில் தருமபுரி, ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி தாலுகாக்கள் உண்டு. பென்னாகரம், பாலக்கோடு, அரூர் பெயர்களில் தாலுகா இல்லை. பழைய ஏட்டில் பென்னாகரத்தை அந்தப் பெயரில் தேடினால் கிடைக்காது.

இதற்கெல்லாம் பொறுமை இல்லாதவர்கள் நேராகச் சங்க காலத்துக்குத் தாவுகிறார்கள். தருமபுரி பழைய தகடூர் மண் என்பதால், அதை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சிக்கு இங்கே வாரிசுகளுக்குப் பஞ்சமில்லை. சாதி மாநாட்டு மலர்கள் பலவற்றில் தாத்தாவுக்கு அடுத்த தலைமுறையே அதியமான்தான்; நடுவில் ஆயிரத்தெண்ணூறு ஆண்டு காலி. 1981இல் தென்பெண்ணைக் கரையில் ஜம்பையில் கண்டெடுக்கப்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த பள்ளியைச் சொல்கிறது. அப்படி ஒரு அரசன் இருந்தான் என்பதற்கு அது கல்லில் உள்ள சாட்சி. அவனுடைய பேரன் யார் என்று அது சொல்லவில்லை.

சாதாரண மனிதனின் பெயரைக் கல்லில் பார்க்க வேண்டுமென்றால் நடுகற்களுக்குத்தான் போக வேண்டும். தருமபுரி அகழ்வைப்பகத்தில் வரிசையாக நிற்கின்றன. செங்கம் வட்டாரத்தோடு சேர்ந்து நடுகல் மிகுந்த நிலம் இது. மாட்டு மந்தையை மீட்கப் போய்ச் செத்தவன், ஊரைக் காக்கப் போய்ச் செத்தவன், புலியோடு பொருதவன் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கல். ஆட்சியாண்டு, தலைவன் பெயர், இவன் யாருடைய மகன் அல்லது சேவகன், எப்படிப் பட்டான் என்று வட்டெழுத்தில் நாலைந்து வரி. பல்லவர், கங்கர், பாணர், நுளம்பர் காலத்தவை. நாகசாமி தலைமையில் தமிழ்நாடு தொல்லியல் துறை 1970களில் செங்கம் நடுகற்களையும் தருமபுரிக் கல்வெட்டுகளையும் நூல்களாகக் கொண்டுவந்தது. வயலில் நிற்கும் கற்களை ஊர்க்காரர்கள் வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். பலருக்கு அதுதான் குலதெய்வம். கும்பிடுபவர்கள் அந்த வீரனின் ரத்த வாரிசுகளா என்பதைக் கல் சொல்லாது. ஆனால் எந்தெந்தக் குடும்பங்கள் ஒரே வேடியப்பனுக்குப் பொங்கல் வைக்கின்றன என்பது பங்காளிகள் யார் என்பதற்கான உறுதியான குறிப்பு. தாத்தா பெயர் தெரியாதவருக்கும் குலதெய்வம் தெரியும்.

இனி, ஊரைவிட்டுப் போனவர்கள்.

1876 முதல் 1878 வரையான தாது வருஷப் பஞ்சம் சேலம் ஜில்லாவை எப்படி உலுக்கியது என்று மக்கள்தொகைக் கணக்கைப் பார்த்தாலே தெரியும். 1871இல் 19 லட்சத்து 67 ஆயிரம் பேர். 1881இல் சுமார் 16 லட்சம். அதிலும் இது தலைகளின் கணக்குதான். இங்கிலாந்தில் குடும்ப வரலாறு தேடுபவர் முதலில் எடுப்பது, வீடுவாரியாகப் பெயர் எழுதிய பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கணக்கெடுப்புத் தாள்களை. இந்தியாவில் கூட்டிக் கழித்து எண்ணை எடுத்துக்கொண்டு தாள்களை அழித்துவிட்டார்கள். பஞ்சத்தில் செத்த லட்சக்கணக்கானவர்களுக்குப் பெயர்ப்பட்டியல் எங்கேயும் இல்லை.

பஞ்சத்துக்கு முன்னும் பின்னும் கப்பலேறியவர்களுக்கு இருக்கிறது. 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து டர்பன் போய்ச் சேர்ந்தது. தென்னாப்பிரிக்காவில் நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிப்போன முதல் கப்பல் அது. 1911 வரை அப்படிப் போனவர்கள் 1,52,184 பேர். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண். அந்த எண்ணுக்கு எதிரே பெயர், தகப்பன் பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம். இடது முழங்காலில் தழும்பு, நெற்றியில் பச்சை என்று வரை எழுதியிருக்கிறார்கள். எழுதியவர்களுக்கு அன்பு ஒன்றும் இல்லை. ஓடிப்போனால் பிடிக்க வேண்டும், ஒப்பந்தம் முடிந்தால் கணக்குத் தீர்க்க வேண்டும். மொரீஷியஸ் ஒரு படி மேலே போய் 1860களிலிருந்து புகைப்படமும் எடுத்தது. மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் காப்பகத்தில், தீவுக்கு வந்தவர்களின் பதிவேடுகளோடு அந்தப் படங்களும் இருக்கின்றன.

இதில் உள்ள முரண் கூர்மையானது. சேலம் ஜில்லாவில் சொந்தமாக ஒரு குழி நிலமில்லாத கூலிக்காரர், ஊரிலேயே இருந்திருந்தால் எந்த ஏட்டிலும் ஏறியிருக்க மாட்டார். கப்பலேறியதால் அவர் பெயரும் அவருடைய அப்பா பெயரும் தழும்பும் டர்பனில் பத்திரமாக இருக்கின்றன. பெண்களுக்கு இது இன்னும் பொருந்தும். கப்பலில் நூறு ஆணுக்கு இத்தனை பெண் என்று விதி இருந்ததால், பெண்களையும் தனித்தனி எண் கொடுத்து, தகப்பன் பெயர் கேட்டு எழுதினார்கள். 1880இல் தருமபுரித் தாலுகாவில் வாழ்ந்த நிலமற்ற பெண் ஒருத்தியின் பெயரும் வயதும் தகப்பனும் தெரிய வேண்டுமென்றால், அவள் ஊரைவிட்டு ஓடியவளாக இருக்க வேண்டும்.

நேட்டாலில் ‘கவுண்டன்’ குடும்பப்பெயராகவே நிலைத்துவிட்டது. அந்தப் பெயரோடு ஐந்தாம், ஆறாம் தலைமுறையினர் கையில் கப்பல் பட்டியலின் நகலோடு ஊரைத் தேட முற்படும்போது முட்டுவது எழுத்துப் பிழையில்தான். ‘அள்ளி’ என்று முடியும் ஊர்கள் இந்த மாவட்டத்தில் எத்தனையோ. காதில் விழுந்ததைக் குமாஸ்தா ஆங்கில எழுத்தில் எழுதியபோது அது ‘உள்ளி’யாகவும் ‘அலி’யாகவும் திரிந்தது. போதாததற்கு ஒரே பெயரில் பல புதூர்கள். தாலுகாப் பெயர் சரியாக இருந்தால் தப்பிக்கலாம்.

இலங்கைக்குப் போனவர்களுக்கு இந்த அளவுகூட இல்லை. காப்பித் தோட்டக் காலத்தில் கங்காணியோடு கால்நடையாகப் போய்க் கடல் கடந்தவர்களை யாரும் எண் போட்டு எழுதவில்லை. திருச்சி, சேலம் ஜில்லாக்களிலிருந்து போனவர்கள் அவர்களில் கணிசம். காகிதம் இல்லாததன் விலை 1948இல் தெரிந்தது. இலங்கையின் குடியுரிமைச் சட்டம், அப்பாவோ அப்பா வழி முன்னோரோ இலங்கையில் பிறந்ததற்குச் சான்று கேட்டது. தோட்டத்து லயத்தில் பிறந்தவர்களிடம் அது ஏது? லட்சக்கணக்கானோர் நாடற்றவர்களானார்கள். 1964 அக்டோபரின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக முடிவானது. அப்படித் திரும்பியவர்கள் கையில் குடும்பப் படம் ஒட்டிய ஃபேமிலி கார்டு இருந்தது. பல வீடுகளில் அப்பா, அம்மா, பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்திருக்கும் ஒரே பழைய படம் அதுதான்.

அரசு சந்தேகப்பட்டவர்களையும் நன்றாக எழுதி வைத்தது என்பதைச் சொல்லாமல் விட முடியாது. குற்றப் பழங்குடிச் சட்டத்தின் கீழ் சேலம் மேல்நாட்டுக் குறவர் உள்ளிட்ட பிரிவுகள் சேர்க்கப்பட்டன. அந்தச் சட்டப்படி பதிவு என்றால் பெயரோடு கைரேகையும் உண்டு. அப்படிப் பதிவானவர்களின் பேரப்பிள்ளைகள் காப்பகத்தில் தாத்தாவைக் கண்டுபிடித்தால், அவர் அறிமுகமாவது குற்றவாளியாகத்தான். கிறித்தவக் குடும்பங்கள் இந்த விஷயத்தில் அதிர்ஷ்டசாலிகள். தருமபுரிக்கு அருகே கோவிலூர் போன்ற பழைய கத்தோலிக்க ஊர்களில் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றுக்கும் கோயில் பதிவேடு உண்டு, அதில் தாய் பெயரும் ஞானப்பெற்றோர் பெயரும் வரும்.

மற்றவர்கள் என்ன செய்வது? தலித் குடும்பங்களுக்கு ஒரு சிறு வாசல், ‘டி.சி. நிலம்’ எனப்படும் பஞ்சமி நிலம். செங்கல்பட்டு கலெக்டர் டிரெமென்ஹீர் எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் அரசு தந்த பஞ்சமி நிலம் ஊரில் இருந்திருந்தால், ஒப்படைப்புப் பதிவில் முதலில் பெற்றவரின் பெயர் இருக்கும். இன்று அந்த நிலம் யார் கையில் இருக்கிறது என்பது வேறு கதை. வீட்டில் இருந்த காகிதங்களுக்கோ உத்தரவாதமே இல்லை. 2012 நவம்பர் 7 அன்று நாய்க்கன்கொட்டாய் பக்கத்தில் நத்தம், அண்ணாநகர், கொண்டம்பட்டி குடியிருப்புகளில் 200க்கு மேற்பட்ட தலித் வீடுகள் தாக்கப்பட்டுக் கொளுத்தப்பட்டபோது, பட்டாவும் பள்ளிச் சான்றிதழும் சேர்ந்தே எரிந்தன. சான்றிதழுக்கு நகல் வாங்கலாம். கல்யாணப் படத்துக்கு நகல் தருகிற அலுவலகம் இல்லை.

நிலமில்லாதவரும் பெண் வழிச் சொந்தமும் உண்மையில் பதிவாகியிருக்கும் இடம் மொய் நோட்டு. கல்யாணத்திலும் காதுகுத்திலும் பந்தல் வாசலில் மேசை போட்டு எழுதியது. ஊர்ப்பெயர், ஆள்பெயர், தொகை. திருப்பிச் செய்ய வேண்டிய கடன் என்பதால் யாரும் அலட்சியமாக எழுதுவதில்லை. தாய்மாமன் சீர் தனியாக வரும். கொடுத்த பெண்ணின் ஊரும் எடுத்த பெண்ணின் ஊரும் அதில் தெரியும். 1960களின் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு ஒரு குடும்பத்தின் சம்பந்த வட்டம் பாலக்கோட்டைத் தாண்டவில்லையா, காரிமங்கலம் வரை போனதா, பெங்களூரில் கட்டட வேலைக்குப் போனவர்கள் எப்போது வரத் தொடங்கினார்கள் என்றெல்லாம் சொல்லிவிடலாம். அடுத்தது, ஊர்த் திருவிழாவின் தலைக்கட்டு வரி நோட்டு. கல்யாணமான ஒவ்வொரு ஆணும் ஒரு தலைக்கட்டு. காணி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வரி உண்டு. செட்டிநாட்டு நகரத்தார்கள் ஒவ்வொரு தம்பதியையும் ஒரு புள்ளியாக ஒன்பது கோயில்களில் பதிந்து தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றுகிறார்கள். தருமபுரியின் தலைக்கட்டு நோட்டும் அதே மாதிரிக் கணக்குதான். அடுத்த திருவிழாவுக்குப் புது நோட்டு போட்டதும் பழையது காணாமல் போகிறது என்பதே வித்தியாசம்.

கர்ணம் வீட்டுக் கணக்குகளுக்கு நேர்ந்ததும் இதுதான். 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரைக் கிராம அதிகாரிப் பதவிகளை ஒரே அவசரச் சட்டத்தில் ஒழித்தது. சமூக நியாயத்தின் பக்கம் நின்று பார்த்தால் செய்ய வேண்டிய காரியம். ஏடுகளில் ஒரு பகுதி தாலுகா அலுவலகம் சேர்ந்தது, ஒரு பகுதி பரணில் தங்கியது, மீதி வீடு இடித்துக் கட்டியபோது போனது.

தனியார் வீட்டுக் காகிதங்களைக் காப்பாற்ற முடியாது என்பதில்லை. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் அழைப்பிதழும் நோட்டீசும் வரை சேர்த்து வைத்ததால்தான் சென்னையில் அவர் பெயரில் ஆய்வு நூலகம் இயங்குகிறது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் நிதியோடு, தமிழ்க் கிராமப் பஞ்சாயத்துத் தீர்ப்புகளையும் பழைய நில ஆவணங்களையும் வீடு வீடாகத் தேடிப் படமெடுத்தது. அவர்கள் கடைப்பிடித்த முறை எளிது: படம் காப்பகத்துக்கு, மூலம் உடையவருக்கு. அந்த வேலைக்கு இன்று செல்பேசி போதும். தருமபுரியில் இதைத் தொடங்க நினைப்பவர் எழும்பூர் வண்டியைப் பிடிப்பதற்கு முன்பு, தாத்தா கல்யாணத்து மொய் நோட்டு எந்த டிரங்குப் பெட்டியில் கிடக்கிறது என்று வீட்டில் வயதான அத்தையைக் கேட்பது நல்லது. அப்பாவுக்குப் பெரும்பாலும் தெரியாது.